கிணற்று நிலத்தின் இன்னொரு பெயர்

ஜுல்மீராவுக்கு லெயோனில்டாவைக் கண்டாலே ஆகாது. ஃபிகெய்ரால் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். காரணத்தைக் கேட்டால் சிரிப்பார்கள். 1981 ஆகஸ்டில், புனித ரோக் திருவிழாவில், செராஃபின் லெயோனில்டாவோடு கைகோத்து இரண்டு ஆட்டம் ஆடிவிட்டான். அவ்வளவுதான் விஷயம். அப்போது செராஃபினுக்கும் ஜுல்மீராவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவள் பக்கத்து ஊரிலிருந்து திருவிழா பார்க்க வந்து, மத்தி மீன் சுடுகிற அடுப்போரமாக நின்றுகொண்டிருந்தவள். மறு வருஷமே அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டு பிள்ளைகள் பெற்றாள். இரண்டும் வளர்ந்து வேலைக்கென்று லக்ஸம்பர்க் போய்ச் சேர்ந்தன. அந்த இரண்டு ஆட்டம் மட்டும் அவள் மனதை விட்டுப் போகவில்லை.

அவள் பிறந்த ஊரின் பெயர் அல்காரியா. அரபுக்காரர்கள் இந்த நாட்டை ஆண்ட காலத்துப் பெயர். அவர்கள் பாஷையில் 'ஊர்' என்று அர்த்தமாம். ஊருக்கு ஊர் என்றே பெயர் வைத்த சோம்பேறிகள் என்று எங்கள் ஆட்கள் அல்காரியாக்காரர்களைக் கேலி செய்வார்கள். எங்கள் ஊர் மட்டும் என்ன வாழ்ந்தது? ஃபிகெய்ரால் என்றால் அத்தித்தோப்பு. தேடிப் பார்த்தால் கல்லறைச் சுவரோரம் ஒரே ஒரு அத்தி நிற்கிறது, அதுவும் காய்ப்பதில்லை.

கல்யாணமாகி வந்ததிலிருந்து ஜுல்மீராவுக்குப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. முப்பது பிள்ளைகளுக்குச் சூப்பு காய்ச்சியவள், கடைசி வருஷம் நான்கு பிள்ளைகளுக்குக் காய்ச்சினாள். 2006இல் பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள். அவள் மூலையில் உட்காரவில்லை. பதினோரு செம்மறி வாங்கிப் பாலாடைக்கட்டி செய்ய ஆரம்பித்தாள். முட்செடிப் பூவை ஊறவைத்த தண்ணீரில் பாலை உறைய வைக்கிற பக்குவம் அவளுக்குக் கைவந்திருந்தது. சந்தையில் அவள் பாலாடைக்கட்டிக்கு ஆட்கள் காத்து நிற்பார்கள். எல்லாவற்றிலும் கெட்டிக்காரி. லெயோனில்டா என்ற பெயர் காதில் விழுந்தால் மட்டும் மூளை கழன்றுவிடும்.

லெயோனில்டாதான் சதுக்கத்தில் இருக்கிற காப்பிக்கடையை நடத்துகிறவள். கல்யாணமாகி, புருஷனை இழந்து, அறுபது வயதிலும் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு கல்லாவில் நிற்பாள். ஊருக்கு இருப்பது அந்த ஒரே கடை. செராஃபின் முட்டி வலியால் சாலைப் பராமரிப்பு வேலையிலிருந்து சீக்கிரமே ஓய்வு பெற்றவன். தினமும் காலை பத்து மணிக்கு அங்கே போய் ஒரு காப்பி குடிப்பான். அதே பத்து மணிக்குத்தான் ஜுல்மீராவின் ஆடுகள் மேட்டுச் சரிவில் மேய்ந்தாக வேண்டும். அங்கே ஒரு பெரிய பாறை. அதன்மேல் நின்றால் கடை வாசல் கண்ணுக்கு நேராகத் தெரியும். ஆடுகளுக்கு அந்த நேரத்தில்தான் அந்தப் புல் பிடிக்கிறது என்று அவள் ஒரு நியாயம் வைத்திருந்தாள். அவன் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராகும். பதினைந்து வருஷமாக இது நடக்கிறது. ஒருவருக்கும் தெரியாது என்பது அவள் நினைப்பு.

அவர்கள் கல்யாணத்தின் நாற்பதாவது வருஷம், நிலம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் வந்து தங்கள் நிலத்தை வரைபடத்தில் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. செவ்வாயும் வியாழனும் ஊராட்சி அலுவலகத்தில் வானியா என்ற பெண் கம்ப்யூட்டரோடு வந்து உட்கார்ந்தாள். எங்கள் பக்கத்தில் நிலத்துக்கு எண் சொல்லி யாருக்கும் பழக்கமில்லை, பெயர்தான். ஓநாய்க்குழி, பாதிரியார் தோட்டம், செத்த கழுதை, நெடுஞ்சுவர் என்று கைக்குட்டை அகலத்து நிலத்துக்கும் ஒரு பெயர் உண்டு. வானியாவுக்கு இதில் கொள்ளை ஆசை. ஒவ்வொரு பெயரையும் பதிவு செய்துவிட்டு, "இந்தப் பேர் எப்படி வந்துச்சு?" என்று கேட்பாள். பதிலைத் தன் சொந்த நோட்டில் எழுதிக்கொள்வாள். காரணம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். தெரியாதவர்கள் அரபுக்காரர் காலத்து மூர் இளவரசி ஒருத்தியைக் கொண்டுவந்து பாறைக்கடியில் உட்கார வைத்துவிடுவார்கள். இந்த நாட்டில் பெயர்க்காரணம் தெரியாத இடத்திலெல்லாம் ஒரு மூர் இளவரசி தலை வாரிக்கொண்டிருப்பாள். அவளுக்கு வேறு வேலை இல்லை.

செராஃபினும் ஜுல்மீராவும் ஒரு செவ்வாய்க்கிழமை போனார்கள். அவன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையில் விரலை வைத்து, ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"இது ஓநாய்க்குழி. இது செத்த கழுதை. இது மேட்டுச் சரிவு. இது அப்பாவோட ஒலிவுத்தோட்டம்."

"இந்த ஓரத்துல, கிணத்தோட இருக்கே?" என்றாள் வானியா.

"அதுவும் எங்களுதுதான். கல்யாணத்துக்கு முன்னாடி நான் வாங்கினது."

"அதுக்குப் பேர் கிணத்து நிலம்" என்றாள் ஜுல்மீரா. வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

வானியா பழைய பத்திரத்தைப் புரட்டிவிட்டு, மரியாதையாகத் தோனா சேர்த்துச் சொன்னாள். "இதுல வேற பேர் போட்டிருக்கே, தோனா ஜுல்மீரா. லெயோனில்டா நிலம்."

ஜுல்மீரா மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். செராஃபின் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

"ஏ மனுஷா. என்ன பேரு அது?"

"பத்திரத்துல இருக்கற பேரு."

"நாப்பது வருஷமா என்கிட்ட கிணறு கிணறுன்னு சொன்னியே!"

"கிணறு இருக்குல்ல."

"கிணறு இருக்குதாம்! வாய்ல கொழுக்கட்டையா வச்சிருந்த நாப்பது வருஷமா? அந்த நிலத்துல நான் கிழங்கு நட்டிருக்கேன், குனிஞ்சு குனிஞ்சு களை எடுத்திருக்கேன். அவ பேர்லயா?"

வானியா பயந்துபோய்ப் பேச்சை மாற்றப் பார்த்தாள். பாவம், தெரியாமல் எரிகிற அடுப்பில் எண்ணெயை ஊற்றினாள். "பேருன்னா அப்படித்தான் தோனா ஜுல்மீரா. யாரோ ஒருத்தரோட நிலம்தான் பின்னாடி பெரிய பெரிய ஊரா ஆகியிருக்கு. வடக்க கிமராய்ஷ் பட்டணம் இருக்கே, அது விமரான்னு ஒரு பிரபுவோட நிலமாம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி. ஆள் போயாச்சு, பேர் நிக்குது."

தான் செத்து மண்ணாகிப் போன பிறகு கிணற்று நிலத்தில் ஒரு பட்டணம் எழும்புவதும், அதன் ரயில் நிலையத்தில் பெரிய நீலப் பலகையில் லெயோனில்டா என்று எழுதியிருப்பதும் ஜுல்மீராவின் கண்ணுக்கே தெரிந்துவிட்டது.

"கையெழுத்துப் போடாத" என்றாள். "இந்தப் பேரோட நீ கையெழுத்துப் போட்டா நான் என் பொட்டியக் கட்டிட்டு லக்ஸம்பர்க் போயிடுவேன். சத்தியமா சொல்றேன்."

செராஃபின் பேனாவைக் கீழே வைத்தான். அவள் சொன்னால் செய்வாள் என்று அவனுக்குத் தெரியும். ஒரு முறை அவன் லெயோனில்டாவின் கடைக்கு விறகு பிளந்து கொடுத்ததற்காக ஒரு மாதம் அல்காரியாவில் போய் உட்கார்ந்துகொண்டவள். வானியா வியாழக்கிழமை வரச் சொன்னாள்.

அன்றும் மறுநாளும் வீட்டில் பேச்சு இல்லை. மேசையில் சூப்புக் கிண்ணத்தை வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். கோபத்தில் முட்செடிப் பூத் தண்ணீரை அளவில்லாமல் ஊற்றி, ஒரு பானைப் பால் கசந்துபோனது. கடைசியில் செராஃபினே வாயைத் திறந்தான்.

"அங்க தண்ணி நல்லா இருந்துச்சு. அதான் வாங்கினேன்."

"எப்ப வாங்கின?"

"எண்பத்தொண்ணுல."

"எந்த மாசம்?"

அவன் யோசித்தான். அவள் கேட்கிற கேள்வி எங்கே போகிறது என்று அவனுக்குப் புரிந்தது. "செப்டம்பர்" என்றான், பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

ஆகஸ்டில் ஆட்டம், செப்டம்பரில் நிலம்! ஜுல்மீராவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே எரிந்தது. சோடா உப்பைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தாள். குடித்துவிட்டு இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, சந்தைக்குப் போடுகிற நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒன்பது வருஷமாகக் கால் வைக்காத அந்தக் காப்பிக்கடைக்கு நேராக நடந்தாள்.

கடையில் அப்போது யாரும் இல்லை. லெயோனில்டா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜுல்மீராவைப் பார்த்ததும் குழாயை நிறுத்தினாள்.

"அட, யாரு! காப்பியா, சண்டையா?"

"என் புருஷனோட நிலத்துல உன் பேரு எப்படி வந்துச்சு?"

லெயோனில்டா முதலில் விழித்தாள். பிறகு விஷயம் பிடிபட்டு, கல்லாவில் கையூன்றிக் கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். "அது நான் இல்லடி. அது எங்க அப்பாவோட அத்தை. அவங்கதான் எனக்கு ஞானத்தாய். ஞானஸ்நானத்துல அவங்க பேரத்தான எனக்கு வச்சாங்க? அந்த லெயோனில்டாவோட நிலம் அது. தன் பேர எனக்குக் குடுத்தாங்க, நிலத்த எங்க பெரியப்பாவுக்குக் குடுத்துட்டாங்க. அவர் உன் புருஷனுக்கு வித்துட்டாரு. எரியணும்னா எனக்குத்தான் எரியணும்."

இது உண்மை என்று ஜுல்மீராவுக்கே தெரிந்தது. எங்கள் ஊரில் பாதிப் பேர் ஞானத்தாயின் பெயரைத்தான் சுமந்துகொண்டு திரிகிறார்கள். ஆனால் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

"சரி, பேரு கிழவியோடது. இங்க தினமும் வந்து அவன் உன்கிட்ட என்ன பேசறான்?"

"உன் புருஷனா? பேசறானா? பதினஞ்சு வருஷமா 'காலை வணக்கம்', 'எவ்வளவு', 'நாளைக்குப் பாக்கலாம்'. கடியாரத்தப் பாத்துக்கிட்டே குடிப்பான். பதினோரு நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் உக்காரமாட்டான்."

"அது பதினோரு நிமிஷம்னு உனக்கு எப்படித் தெரியும்? எண்ணிக்கிட்டே இருக்கியா அவன?"

லெயோனில்டாவின் சிரிப்பு நின்றது. துடைத்த கோப்பையை டொக்கென்று வைத்தாள். "எண்ணறது யாருன்னு ஊருக்கே தெரியும், ஜுல்மீரா. என் பேர்ல இருக்கற நிலத்தக் கேக்க வந்துட்ட. உன் பேர்ல ஒரு இடம் இருக்கே, அதப் போய் அந்த வரைபடக்காரப் பொண்ணுகிட்ட கேளு, போ."

வியாழக்கிழமை அலுவலகம் திறக்கும்போதே ஜுல்மீரா வாசலில் நின்றாள். செராஃபின் இரண்டடி பின்னால். வானியா கிணற்று நிலத்தை எடுக்கப் போனாள். ஜுல்மீரா தடுத்தாள்.

"அது கெடக்கட்டும். என் பேர்ல இருக்கற இடம் எதுன்னு காட்டு."

வானியாவின் முகம் சிவந்தது. "உங்க பேர்னு எதுவும் இல்லையே தோனா ஜுல்மீரா..."

"ஏ பொண்ணே, எனக்கு அறுபத்திரண்டு வயசு. காட்டு."

வானியா மேட்டுச் சரிவைத் திரையில் பெரிதாக்கினாள். நடுவில் பெரிய பாறை வெள்ளையாகத் தெரிந்தது. சரிவைச் சுற்றி நிலம் வைத்திருக்கிற ஏழு பேர் எல்லை சொல்லும்போது அந்தப் பாறையைத்தான் அடையாளமாகச் சொல்லியிருந்தார்கள். ஏழு பேரும் ஒரே பெயரைச் சொல்லியிருந்தார்கள். பொறாமைக்காரி பாறை.

"எப்படி வந்துச்சாம் அந்தப் பேரு?" ஜுல்மீராவின் குரல் இறங்கிவிட்டது.

வானியா நோட்டைத் திறக்கத் தயங்கினாள். "ஆறு பேர் மூர் இளவரசின்னு சொன்னாங்க. அவ காதலன் வேற ஒருத்தியத் தேடிப் போனானாம், அந்தப் பாறைமேல நின்னு பாத்துக்கிட்டே கல்லாயிட்டாளாம்."

"ஏழாவது ஆளு?"

"ஏழாவது... நீங்கன்னு சொன்னாங்க."

ஜுல்மீரா உட்கார்ந்தாள். ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது காலை வணக்கம் சொன்ன ஒவ்வொரு முகமும் நினைவுக்கு வந்தது. அவமானத்தில் காது இரண்டும் சுட்டன. கல்லறை வரைக்கும் இந்தப் பெயர் கூட வரும்.

"யாரு வச்சது?"

பின்னாலிருந்து செராஃபின் சொன்னான். "நான்தான்."

அவள் திரும்பவில்லை.

"மொத வருஷம், கடையில ஒருத்தன் கேட்டான். கோயில் சந்துல வந்தா ரெண்டு நிமிஷம், நீ ஏன் முட்டி வலியோட சரிவுக்குக் கீழ சுத்தி வர்றன்னு. பொறாமைக்காரி பாறைமேல நிக்கறா, நான் வழி முழுக்கப் போறது அவளுக்குத் தெரியணும்ல, இல்லேன்னா மனுஷி நாள் முழுக்கத் தவிப்பா அப்படின்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. பேரு ஒட்டிக்கிச்சு."

"அவ கடையில வச்சா சொன்ன? அவ முன்னாடியா?"

இவ்வளவையும் கேட்ட பிறகு அவளுக்கு முதலில் உறுத்தியது அதுதான். எழுந்து, ஒருவரையும் பார்க்காமல், வெளியே போய்விட்டாள். எந்த நிலத்துக்கும் அன்று கையெழுத்து ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆடுகள் வாசலில் நின்று கத்தின. ஜுல்மீரா அவற்றைப் பட்டியிலேயே விட்டுத் தீவனம் போட்டாள். இனி அந்தப் பாறைப் பக்கம் செத்தாலும் போவதில்லை. அவன் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரட்டும். பத்து மணிக்குச் செராஃபின் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்புகிற சத்தம் கேட்டது. அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். ஒரு வெங்காயம் நறுக்குவதற்குள் நான்கு முறை ஜன்னலைப் பார்த்தாள். நினைத்ததை விட அது கொடுமையாக இருந்தது. இப்போது கடைக்குள் போயிருப்பான். இன்றைக்கு அவசரமில்லை, காலை நீட்டி உட்கார்ந்திருப்பான். அந்தக் காப்பிக்கடைக்காரி இன்னொரு காப்பி ஊற்றியிருப்பாள்.

பத்தே கால்கூட ஆகவில்லை, கதவு திறந்தது. செராஃபின் மூச்சு வாங்க நின்றான். முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தான். வேகமாக நடந்திருக்கிறான்.

"உடம்பு சரியில்லையா?" என்றான்.

"எனக்கென்ன கேடு. காப்பி குடிக்கலையா?"

"போகல. சரிவு வரைக்கும் போனேன். நிமிந்து பாத்தா நீ இல்ல. கொஞ்ச நேரம் நின்னேன். நீ வரல." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவன் தரையைப் பார்த்தான். "என்னமோ ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன். நீ பாக்காம எனக்கு அங்க போக வரல, ஜுல்மீரா."

அவள் வெங்காயத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயம் கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று. நாற்பது வருஷம் இந்த மனுஷனைக் காவல் காத்து என்ன கண்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அடுப்பில் காப்பிப் பாத்திரத்தை ஏற்றினாள். இருவரும் உட்கார்ந்து குடித்தார்கள். பதினோரு நிமிஷத்துக்கு மேலேயே ஆனது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி அலுவலகத்துக்குப் போனார்கள். வானியா மெதுவாகவே ஆரம்பித்தாள்.

"கிணத்து நிலத்துக்கு என்ன பேர் போடட்டும்?"

"பத்திரத்துல இருக்கறதையே போடு" என்றாள் ஜுல்மீரா. "ஆனா உன் நோட்டுல தெளிவா எழுதிக்க. அது அத்தைக் கிழவியோட பேரு. காப்பிக்கடைக்காரிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"எழுதிட்டேன். மேட்டுச் சரிவு?"

"பொறாமைக்காரி பாறைன்னு போடு."

வானியா நிமிர்ந்து பார்த்தாள். செராஃபின் வாயில் கை வைத்துக்கொண்டான். வானியா எதுவும் கேட்காமல் தட்டச்சு செய்தாள், பிறகு நோட்டை எடுத்து, மூர் இளவரசி என்று எழுதியிருந்த ஆறு வரிகளையும் கவனமாக அடித்தாள்.

"காரணம்?"

"என் பேரு எழுது. மரியா ஜுல்மீரா, செராஃபின் பொண்டாட்டி. வீட்டுப் பேரும் சேத்து முழுசா எழுது. பின்னாடி வேற எவளாவது வந்து அது நான்தான்னு சொல்லிடப் போறா."